ஒரு கேட்வே, இரண்டு இணைப்புகள்: பாலிசி ரூட்டிங் பற்றிய வாசகர் கேள்விகள்

இரண்டு நிறுவனங்களிடம் இணைய இணைப்பு வாங்கி, இரண்டையும் ஒரே கேட்வேயில் (உள் நெட்வொர்க்கை இணையத்துடன் இணைக்கும் கணினி அல்லது ரூட்டர்) சேர்த்து, எந்தக் கணினியின் போக்குவரத்து எதன் வழியே வெளியேற வேண்டும் என்பதைத் தாமே தீர்மானிக்க விரும்பும் வாசகர்களின் கேள்விகள் நிறைய சேர்ந்துவிட்டதால், அவற்றை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். விடைகளில் 203.0.113 என்றும் 198.51.100 என்றும் தொடங்கும் முகவரிகள் எடுத்துக்காட்டுகளுக்கென்றே உலகளவில் ஒதுக்கப்பட்டவை. அந்த இடங்களில் உங்கள் முகவரிகளை எழுதிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எங்கள் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் நிலையான முகவரியுடன் 50 எம்பிபிஎஸ் லீஸ்டு லைனும், 300 எம்பிபிஎஸ் ஃபைபர் பிராட்பேண்டும் உள்ளன. லினக்ஸ் கணினி ஒன்று கேட்வேயாக இருக்கிறது. பொதுவான டிஃபால்ட் ரூட் (வேறு வழி குறிப்பிடப்படாத எல்லா முகவரிகளுக்குமான வழி) பிராட்பேண்டைக் காட்டுகிறது. கணக்குப் பிரிவு (192.168.10.0/24) மட்டும் லீஸ்டு லைனில் போக வேண்டும் என்பதற்காக 101 என்ற தனி ரூட்டிங் அட்டவணையில் லீஸ்டு லைனுக்கான டிஃபால்ட் ரூட்டை எழுதி, ஒரு விதியும் சேர்த்தேன். இணையம் சரியாகவே வருகிறது. ஆனால் 192.168.20.0/24 நெட்வொர்க்கில் உள்ள பிரிண்டரைக் கணக்குப் பிரிவினரால் அணுக முடியவில்லை. கேட்வேயைப் பிங் செய்தால்கூடப் பதில் வருவதில்லை. தவறு எங்கே?
(திருப்பூர் வாசகர்)

பதில்: நீங்கள் எழுதிய விதி சொன்னதைச் சொன்னபடி செய்கிறது, அதுதான் சிக்கல். சாதாரண ரூட்டிங்கில் ஒரு பேக்கெட் (தரவுத் துண்டு) போகவேண்டிய முகவரியை மட்டும் பார்த்து வழி தீர்மானிக்கப்படுகிறது. பாலிசி ரூட்டிங்கில் அதற்கு முன்பாக, அது யாரிடமிருந்து வந்தது, கேட்வேயின் எந்த இணைப்புப் போர்ட்டில் நுழைந்தது, ஃபயர்வால் அதன்மேல் ஏதேனும் மார்க் (அடையாள எண்) வைத்திருக்கிறதா என்பவற்றைப் பார்த்து, எந்த அட்டவணையைப் புரட்டுவது என்று முடிவு செய்யப்படுகிறது. லினக்ஸில் இந்த வசதி 1999-இல் வெளியான 2.2 கெர்னலிலிருந்தே (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி) இருக்கிறது.

'ஐபி ரூல் ஷோ' என்று கொடுத்துப் பாருங்கள். நீங்கள் எதையும் தொடாத கணினியில் மூன்று வரிகள் இருக்கும். 0 என்ற வரிசை எண்ணில் கேட்வேயின் சொந்த முகவரிகளுக்கான 'லோக்கல்' அட்டவணை. 32766-இல் வழக்கமான வழிகள் உள்ள 'மெயின்' அட்டவணை. 32767-இல் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும் 'டிஃபால்ட்' அட்டவணை. சிறிய எண் முதலில் பார்க்கப்படும். வரிசை எண் கொடுக்காமல் நீங்கள் சேர்த்த விதிக்கு 32765 கிடைத்திருக்கும், அதாவது மெயினுக்கு ஒரு படி முன்னால்.

இப்போது கணக்குப் பிரிவின் 192.168.10.50 என்ற கணினியிலிருந்து 192.168.20.9 என்ற பிரிண்டருக்குப் புறப்படும் பேக்கெட்டைத் தொடர்ந்து செல்லுங்கள். பிரிண்டரின் முகவரி கேட்வேயின் சொந்த முகவரி அல்ல என்பதால் லோக்கல் அட்டவணையில் பொருத்தம் இல்லை. அடுத்து உங்கள் விதி: அனுப்பியவர் 192.168.10 வரம்பில் இருப்பதால் 101 புரட்டப்படுகிறது. அங்கே இருப்பது டிஃபால்ட் ரூட் ஒன்றே. அது எல்லா முகவரிக்கும் பொருந்தும். ஆகவே பக்கத்து அறைப் பிரிண்டருக்கான பேக்கெட் லீஸ்டு லைன் நிறுவனத்தின் ரூட்டரை நோக்கி அனுப்பப்படுகிறது. பிரிண்டர் இருக்கும் இடத்தை அறிந்த மெயின் அட்டவணையின் முறை வருவதே இல்லை.

பிங் விஷயம் இன்னும் சுவையானது. கேட்வேயை நோக்கிச் செல்லும் பிங் ஒழுங்காகச் சேர்ந்துவிடுகிறது, ஏனெனில் அது 0 எண்ணுள்ள லோக்கல் அட்டவணையிலேயே பொருந்திவிடும். ஆனால் கேட்வே அனுப்பும் பதிலின் அனுப்புநர் முகவரி 192.168.10.1. அதுவும் அதே 192.168.10.0/24 வரம்புக்குள்தானே இருக்கிறது? எனவே பதிலும் 101 வழியே லீஸ்டு லைனுக்குப் போய்விடுகிறது. உங்கள் கணினிகள் வெளியிலுள்ள டிஎன்எஸ் சேவையை (தளப் பெயரை முகவரியாக மாற்றித் தருவது) பயன்படுத்துவதால்தான் இணையமாவது கிடைத்தது. கேட்வேயிலேயே டிஎன்எஸ் ஓடியிருந்தால் கணக்குப் பிரிவு முழுவதும் நின்றுபோயிருக்கும்.

உள் நெட்வொர்க்குகளுக்கான வழிகள் அனைத்தையும் 101-இலும் நகலெடுத்து எழுதுவது ஒரு தீர்வு. பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நாளை மூன்றாவதாக ஒரு நெட்வொர்க் சேர்க்கும்போது 101-இலும் சேர்க்க வேண்டும் என்பது நினைவில் இருக்காது என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. இதைவிட நல்ல வழி 3.12 கெர்னல் முதல் கிடைக்கிறது. உங்கள் விதிக்கு முன்னால், 'ஐபி ரூல் ஆட் பிரயாரிட்டி 900 லுக்கப் மெயின் சப்ரஸ்_பிரிஃபிக்ஸ்லெங்த் 0' என்று ஒரு முன்விதி சேர்த்துவிடுங்கள். மெயின் அட்டவணையை முதலில் பார். அதில் கிடைப்பது டிஃபால்ட் ரூட்டாக இருந்தால் மட்டும் கிடைக்காததுபோல் எண்ணி அடுத்த விதிக்குப் போ என்பது இதன் பொருள். பிரிண்டர், ஃபைல் சர்வர், கேட்வேயின் பதில்கள் எல்லாம் இந்த முன்விதியிலேயே தீர்ந்துவிடும். இணையத்துக்குப் போகும் பேக்கெட் மட்டும் கீழே இறங்கி உங்கள் விதியை அடையும். அந்த விதியையும் அழித்துவிட்டு, 'பிரயாரிட்டி 1000' என்று எண் கொடுத்தே மீண்டும் எழுதுங்கள். எண் கொடுக்காமல் சேர்க்கும் ஒவ்வொரு விதியும் ஏற்கெனவே உள்ளவற்றுக்கு மேலே ஏறி உட்காரும் என்பதால், பிறகு வரிசையே குழம்பிவிடும்.

மாற்றம் செய்தபின் கணக்குப் பிரிவினரை அழைத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டியதில்லை. 'ஐபி ரூட் கெட் 192.168.20.9 ஃப்ரம் 192.168.10.50 ஐஐஎஃப்' என்று எழுதி, கடைசியில் கணக்குப் பிரிவு இணைந்துள்ள போர்ட்டின் பெயரைக் கொடுத்தால், அந்தப் பேக்கெட் எந்த வழியில் போகும் என்பதைக் கெர்னலே சொல்லிவிடும். போர்ட்டின் பெயரை விட்டுவிட்டால், அனுப்புநர் முகவரி கேட்வேயினுடையது அல்ல என்பதால் பிழைச் செய்தி வரும். அதைக் கண்டு ரூட்டிங் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம்.

விதியில் உள் முகவரியை எழுதலாமா, வெளி முகவரியை எழுத வேண்டுமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். உள்ளிருந்து வரும் போக்குவரத்துக்கு உள் முகவரிதான், ஏனெனில் மாஸ்கரேட் செய்து உள் முகவரியை வெளிப் போர்ட்டின் முகவரியாக மாற்றுவது வழி தீர்மானிக்கப்பட்ட பிறகே நடக்கிறது. இரண்டு வெளிப் போர்ட்டுகளுக்கும் மாஸ்கரேட் விதி இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடையில் இரண்டு இணைப்புகள். முதல் இணைப்பே டிஃபால்ட், இரண்டாவதில்தான் நிலையான பொது முகவரி (198.51.100.20) இருக்கிறது. சிசிடிவி டிவிஆரை வெளியிலிருந்து பார்ப்பதற்காக இரண்டாவது இணைப்பில் போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வரும் அழைப்பை உள் சாதனத்துக்குத் திருப்புவது) செய்தேன். கைப்பேசியிலிருந்து திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டிஃபால்ட் ரூட்டை இரண்டாவது இணைப்புக்கு மாற்றினால் உடனே வேலை செய்கிறது. போர்ட் ஃபார்வர்டு சரியாக இருந்தும் ஏன் இப்படி?
(காரைக்குடி வாசகர்)

பதில்: டிஃபால்ட்டை மாற்றினால் வேலை செய்கிறது என்று நீங்களே எழுதியிருப்பது நோயைக் காட்டிக்கொடுக்கிறது. உங்கள் கைப்பேசியின் அழைப்பு இரண்டாவது இணைப்பில் வந்து, முகவரி மாற்றப்பட்டு, டிவிஆரை (192.168.30.5) அடைகிறது. டிவிஆர் பதில் அனுப்புகிறது. அந்தப் பதிலுக்கு வழி தேடும் கேட்வே, அழைப்பு எந்தக் கதவால் வந்தது என்பதைக் கணக்கில் கொள்வதில்லை; போகவேண்டிய முகவரியை மட்டும் பார்த்து, டிஃபால்ட்டாக உள்ள முதல் இணைப்பில் அனுப்பிவிடுகிறது. வெளியேறும்போது அதன் அனுப்புநர் முகவரி 198.51.100.20 என்று திரும்ப மாற்றப்பட்டிருக்கும். தன்னுடையதல்லாத முகவரியைச் சுமந்து வரும் பேக்கெட்டை முதல் நிறுவனம் கைவிட்டுவிடுகிறது. முகவரியைப் போலியாக இட்டுத் தாக்குவதைத் தடுப்பதற்காக, வாடிக்கையாளரிடமிருந்து வரும் அந்நிய முகவரிகளை வடிகட்டுமாறு இணைய நிறுவனங்களுக்கு 2000-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 2827 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் பரிந்துரைத்தது. அவர்கள் செய்வது சரியே.

ஆகவே வந்த கதவை நினைவில் வைத்துக்கொள்ளச் செய்ய வேண்டும். இதற்குக் கனெக்ஷன் மார்க் உதவும். இரண்டாவது இணைப்பின் போர்ட்டில் நுழையும் ஒவ்வொரு புதிய தொடர்புக்கும், வழி தீர்மானிக்கப்படுவதற்கு முந்தைய ப்ரீரூட்டிங் கட்டத்தில், 2 என்ற எண்ணைத் தொடர்பின் மேல் எழுதிவிடுங்கள். டிவிஆர் இருக்கும் உள் போர்ட்டிலிருந்து பேக்கெட் வரும்போது, தொடர்பின் மேலிருக்கும் எண்ணை அந்தப் பேக்கெட்டின் மேல் எடுத்து எழுதுமாறு இன்னொரு விதி. பிறகு, மார்க் 2 இருந்தால் 102-ஆம் அட்டவணையைப் பார் என்று ஒரு ரூட்டிங் விதி. அந்த அட்டவணையில் இரண்டாவது இணைப்பின் டிஃபால்ட் ரூட். திருப்பூர் வாசகருக்குச் சொன்ன முன்விதி இங்கும் மேலே இருக்க வேண்டும். மார்க்கை எடுத்து எழுதும் விதியை உள் போர்ட்டுக்கு மட்டும் என்று வரையறுக்காமல் விட்டால், வெளியிலிருந்து வரும் பேக்கெட்டும் மார்க் பெற்று, டிவிஆருக்குப் போகாமல் வந்த வழியே திருப்பி அனுப்பப்படும். முன்விதி இருந்தால் அந்தப் பிசகும் தடுக்கப்படும்.

இவ்வளவும் செய்தபிறகும் படம் வராமல் போகலாம். அப்போது ஆர்பி ஃபில்டரைப் பாருங்கள். ஒரு பேக்கெட் வந்தவுடன், இதே முகவரிக்கு நான் பதில் அனுப்பினால் இதே போர்ட்டில்தான் அனுப்புவேனா என்று கெர்னல் தன்னையே கேட்டுக்கொள்கிறது. இந்த அமைப்பின் மதிப்பைக் கண்டிப்பான முறையான 1 என்று வைத்திருந்தால், இல்லை என்ற விடைக்குப் பேக்கெட் சத்தமில்லாமல் கைவிடப்படும். கைப்பேசியிலிருந்து வரும் முதல் பேக்கெட்டில் இந்தக் கேள்விக்கான விடை முதல் இணைப்பைத்தான் காட்டும், ஏனெனில் இந்தச் சோதனை வழக்கமாக மார்க்கைக் கணக்கில் கொள்வதில்லை. பேக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியில் பேக்கெட் உள்ளே வருவது தெரியும், ஃபயர்வால் பதிவில் எதுவும் இருக்காது, டிவிஆர் பக்கம் எதுவும் போகாது. மணிக்கணக்கில் ஃபயர்வாலைக் குடைய வைப்பது இந்த நிலைதான். இரண்டாவது இணைப்பின் போர்ட்டுக்கு இந்த மதிப்பை 2 என்று தளர்த்துங்கள். 0 வைத்து அணைத்துவிட்டேன், ஆனாலும் பயனில்லை என்று எழுதுபவர்களுக்கு ஒரு தகவல்: போர்ட்டுக்குரிய மதிப்பு, எல்லாப் போர்ட்டுகளுக்கும் பொதுவான 'ஆல்' என்பதற்குரிய மதிப்பு ஆகிய இரண்டில் பெரியதே செல்லும். 'ஆல்' 1 ஆக இருக்கும்போது போர்ட்டில் 0 வைப்பதால் ஒன்றும் மாறாது. 2 வைத்தால் மாறும்.

உங்களைப் போலன்றி, பொது முகவரி வாங்காத வாசகர்கள், வெளிப் போர்ட்டின் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரம்பில் தொடங்குகிறதா என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது. அது நிறுவனமே பல வாடிக்கையாளர்களை ஒரு முகவரிக்குப் பின்னால் அடுக்கி வைப்பதற்காக 2012-இல் ஒதுக்கப்பட்ட வரம்பு. அங்கே கேட்வேயில் என்ன செய்தாலும் வெளியிலிருந்து அழைப்பே வந்து சேராது. இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்: டிவிஆரின் உள்நுழைவுப் பக்கத்தை உலகத்துக்கே திறந்து வைப்பதைவிட, கேட்வேயில் வயர்கார்டு என்ற விபிஎன் (மறையாக்கம் செய்த தனி வழி) அமைத்து அதன் வழியே பார்ப்பது பாதுகாப்பானது.

கேள்வி: மைக்ரோடிக் ரூட்டரில் மேங்கிள் விதிகள் (பேக்கெட்டுகளுக்கு மார்க் வைப்பவை) எழுதி, மாணவர் விடுதிக்குத் தனி இணைப்பைக் காட்டினேன். சில பக்கங்கள் திறக்கின்றன, சில பாதியில் நிற்கின்றன. விதிகளில் பதிவாகும் பேக்கெட் எண்ணிக்கையும் மிகக் குறைவாகவே ஏறுகிறது.
(நாகர்கோவில் வாசகர்)

பதில்: ஃபாஸ்ட்டிராக் விதியைப் பாருங்கள். தயாரிப்பாளரின் தொடக்க அமைப்பிலேயே வரும் அந்த விதி, நிலைபெற்ற தொடர்புகளை மேங்கிள் பக்கமே எட்டிப் பார்க்காமல் குறுக்கு வழியில் அனுப்பிவிடும். முதல் சில பேக்கெட்டுகள் மார்க் பெற்று விடுதி இணைப்பில் போகும். பின்னால் வருபவை மார்க் இல்லாமல் பொது இணைப்பில் போகும். எண்ணிக்கை ஏறாததற்கும் அதுவே காரணம். ஃபாஸ்ட்டிராக் விதியில் 'கனெக்ஷன் மார்க் இல்லாதவை மட்டும்' என்ற நிபந்தனையைச் சேர்த்தால் போதும். முழுவதுமாக அணைத்துவிட்டால் சிறிய ரூட்டரின் செயலி திணறக்கூடும். ரூட்டர்ஓஎஸ் 7-க்கு மாறியிருந்தால், ரூட்டிங் அட்டவணையை 'எஃப்ஐபி' குறிப்புடன் முதலில் தனியாக உருவாக்கியிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். 6-இல் பெயரை எழுதினாலே அட்டவணை உருவாகிவிடும். 7-இல் அப்படி இல்லை.

கேள்வி: இரண்டு இணைப்புகளையும் சேர்த்து லோட் பேலன்சிங் (போக்குவரத்தை இரண்டுக்கும் பங்கிடுவது) செய்தேன். வங்கித் தளங்களில் உள்நுழைந்த சில நிமிடங்களில் வெளியேற்றிவிடுகிறது. வேகச் சோதனையிலும் இரண்டின் கூட்டுத்தொகை வருவதில்லை.
(ஈரோடு வாசகர்)

பதில்: கூட்டுத்தொகை வராது. ஒரு தொடர்பு ஒரு இணைப்பில்தான் போக முடியும். இரண்டு இணைப்புகளால் பலர் ஒரே நேரத்தில் நன்றாகப் பயன்படுத்தலாமே தவிர, ஒருவருடைய ஒரு பதிவிறக்கம் இரட்டிப்பு வேகம் பெறாது.

வங்கித் தளம் வெளியேற்றுவதற்குக் காரணம், உங்கள் வெளி முகவரி நடுவில் மாறுவது. உள்நுழைந்தபோது 203.0.113.10 என்று வந்தவர் அடுத்த பக்கத்தில் 198.51.100.20 என்று வந்தால், அமர்வு திருடப்பட்டதாகவே அந்தத் தளம் கருதும். லினக்ஸைப் பொறுத்தவரை இதில் ஒரு வரலாறும் உண்டு. 3.6 கெர்னலில் பழைய ரூட்டிங் கேஷ் (முன்பு தீர்மானித்த வழிகளை நினைவில் வைத்திருந்த பகுதி) நீக்கப்பட்டபின், பல வழிகள் கொண்ட ரூட்டில் ஒவ்வொரு பேக்கெட்டும் தனித்தனியே பங்கிடப்பட்டது, 4.4 முதல், அனுப்புநர், பெறுநர் முகவரிகளைக் கொண்டு கணக்கிட்டு ஒரே வழியில் வைத்திருக்கும் முறை வந்தது, 4.12 முதல் தொடர்பின் போர்ட் எண்களையும் (கேட்வேயின் இணைப்புப் போர்ட் அல்ல) அந்தக் கணக்கில் சேர்க்கலாம். சேர்த்தால் பங்கீடு சீராக இருக்கும், ஆனால் ஒரே தளத்துக்கான இரண்டு தொடர்புகள் இரண்டு வழிகளில் போகும். வங்கி வேலை நடக்கும் அலுவலகத்தில் அதைச் சேர்க்காதீர்கள். சேர்க்காவிட்டாலும்கூட, ஒரே வங்கியின் பக்கங்கள் பல சர்வர் முகவரிகளிலிருந்து வருவதால் சிக்கல் முழுவதுமாகத் தீராது.

சிறிய அலுவலகங்களில் லோட் பேலன்சிங் என்பதையே நான் பரிந்துரைப்பதில்லை. இந்தப் பிரிவு இந்த இணைப்பு, அந்தப் பிரிவு அந்த இணைப்பு என்று அனுப்புநர் முகவரியைக் கொண்டு பிரித்துவிட்டு, ஒன்று அறுந்தால் மற்றொன்றுக்கு மாறும்படி வைப்பதே போதும். எந்தக் கணினி எதில் போகிறது என்பது எப்போதும் தெரிந்திருப்பதால் பழுது பார்ப்பதும் எளிது.

கேள்வி: வடிவமைப்புப் பிரிவின் கணினிகள் வயர்கார்டு விபிஎன் வழியாக மட்டுமே வெளியே போக வேண்டும் என்பது வாடிக்கையாளரின் நிபந்தனை. விதியும் தனி அட்டவணையும் எழுதியாயிற்று. விபிஎன் நின்றவுடன் அவர்கள் சாதாரண இணைப்பில் போய்விடுகிறார்கள். ஃபயர்வாலில் தடுப்பதைத் தவிர வேறு வழி உண்டா?
(கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: உண்டு. விதி பொருந்தி, அட்டவணையில் வழி கிடைக்காவிட்டால், கெர்னல் அங்கே நின்றுவிடாமல் அடுத்த விதிக்குப் போய்விடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். வயர்கார்டு போர்ட் நீக்கப்படும்போது அதன் வழியான ரூட்டும் சேர்ந்தே அழிகிறது. உங்கள் அட்டவணை காலியாகிறது; பேக்கெட் கீழே இறங்கி மெயின் அட்டவணையின் டிஃபால்ட்டைப் பிடித்துக்கொள்கிறது. அதே அட்டவணையில், மிகப் பெரிய மெட்ரிக் எண்ணுடன் 'அன்ரீச்சபிள் டிஃபால்ட்' என்று இரண்டாவதாக ஒரு ரூட் எழுதி வையுங்கள். விபிஎன் இருக்கும்வரை சிறிய மெட்ரிக் உள்ள ரூட்டே பயன்படும். அது போனால் இது நிற்கும், 'சென்றடைய முடியாது' என்ற பதில் உடனே கணினிக்குப் போகும். 'பிளாக்ஹோல்' என்று எழுதினாலும் கசிவு தடுக்கப்படும், ஆனால் பதில் எதுவும் வராமல் பயனர் காத்திருக்க நேரும் என்பதால் முன்னதே மேல்.

விபிஎன் அமைப்புக் கோப்பில் 'டேபிள்' என்ற இடத்தில் 'ஆஃப்' என்று எழுதியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். எழுதாவிட்டால், எல்லா முகவரிகளையும் அனுமதித்திருக்கும் நிலையில், வயர்கார்டைத் தொடங்கும் டபிள்யூஜி-க்விக் நிரல் தானாகவே 51820 என்ற அட்டவணையையும் விதிகளையும் சேர்த்துக் கேட்வேயின் மொத்தப் போக்குவரத்தையும் விபிஎன்னுக்குள் இழுத்துவிடும். கூடவே, நிபந்தனை ஐபிவி6-க்கும் (ஐபி முகவரியின் புதிய பதிப்பு) பொருந்துமாறு எழுதியிருக்கிறதா? 'ஐபி ரூல்' என்று மட்டும் கொடுத்த கட்டளைகள் ஐபிவி4-ஐ மட்டுமே கட்டுப்படுத்தும். '-6' சேர்த்து அதே விதிகளை மறுபடி எழுத வேண்டும். ஐபிவி4 முழுவதும் அடைக்கப்பட்டு, ஐபிவி6 மட்டும் சாவகாசமாக வெளியே போய்க்கொண்டிருக்கும் அலுவலகங்கள் உண்டு.

கேள்வி: சிஸ்கோ ரூட்டரில் ரூட்-மேப் (பாலிசி ரூட்டிங் விதித் தொகுப்பு) எழுதி, இரண்டாவது இணைப்பு செருகப்பட்டுள்ள போர்ட்டில் பொருத்தினேன். எதுவும் நடக்கவில்லை. அது பார்க்கும் முகவரிப் பட்டியலான அக்சஸ் லிஸ்டில் 'டினை' செய்த முகவரிகள்கூடத் தடையின்றி இணையத்துக்குப் போகின்றன.
(சென்னை வாசகர்)

பதில்: ரூட்-மேப்பைப் பேக்கெட் நுழையும் போர்ட்டில், அதாவது உள் நெட்வொர்க் இணைந்துள்ள போர்ட்டில் பொருத்த வேண்டும். வெளியேறும் போர்ட்டை அடையும்போது வழி ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டிருக்கும். ரூட்டர் தானே உருவாக்கும் போக்குவரத்துக்கு இது பொருந்தாது. அதற்கு 'ஐபி லோக்கல் பாலிசி' என்ற தனிக் கட்டளை இருக்கிறது. அக்சஸ் லிஸ்டில் 'டினை' என்பது இங்கே தடுப்பதைக் குறிக்காது. அந்த முகவரிகளுக்குப் பாலிசி வேண்டாம், வழக்கமான ரூட்டிங்கே போதும் என்பதே அதன் பொருள்.

உள் நெட்வொர்க்குகளுக்கு இடையிலான போக்குவரத்தும் வெளியே போய்விடுகிறது என்றால், 'செட் ஐபி நெக்ஸ்ட்-ஹாப்' என்பதற்குப் பதிலாக 'செட் ஐபி டிஃபால்ட் நெக்ஸ்ட்-ஹாப்' பயன்படுத்துங்கள். அட்டவணையில் குறிப்பிட்ட வழி இருந்தால் அதையே பின்பற்றி, டிஃபால்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்ற நிலையில் மட்டும் உங்கள் பாலிசியைப் பார்க்கும். திருப்பூர் வாசகருக்கு லினக்ஸில் சொன்னதும் இதைத்தான். அடுத்த ரூட்டர் உயிரோடு இருக்கிறதா என்பதை நெக்ஸ்ட்-ஹாப் கட்டளை தானாக உறுதிசெய்வதில்லை. நடுவில் ஒரு ஸ்விட்ச் இருந்தால், அந்தப் பக்கம் இணைப்பு அறுந்தும் உங்கள் போர்ட்டின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அந்தப் பக்கம் பதில் வருகிறதா என்று பார்க்கும் ஐபி எஸ்எல்ஏ சோதனையையும் 'வெரிஃபை-அவைலபிலிட்டி' என்பதையும் சேர்த்தால்தான் மாற்று இணைப்புக்குத் தானாக மாறும்.

கேள்வி: முதல் இணைப்பு அறுந்தால் ஸ்கிரிப்ட் இரண்டாவதுக்கு மாற்றிவிடுகிறது. இணையம் உடனே வந்துவிடுகிறது. ஐபி தொலைபேசிகள் மட்டும் ரூட்டரை அணைத்துப் போடும்வரை செயலிழந்தே கிடக்கின்றன.
(மதுரை வாசகர்)

பதில்: மாஸ்கரேட் இல்லாமல் நிலையான முகவரியைக் குறிப்பிட்டு எஸ்நேட் (அனுப்புநர் முகவரியை மாற்றும் விதி) எழுதியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பிரவுசர் ஒவ்வொரு முறையும் புதுத் தொடர்பு தொடங்குகிறது. தொலைபேசியோ ஒரே யூடிபி தொடர்பை விடாமல் பிடித்துக்கொண்டு, சில விநாடிகளுக்கு ஒருமுறை அதில் ஒரு பேக்கெட்டை அனுப்பிக்கொண்டிருக்கும். தொடர்பு முதலில் உருவானபோது எந்த வெளி முகவரி ஒதுக்கப்பட்டதோ அதுவே அந்தத் தொடர்பு உயிரோடு இருக்கும்வரை நீடிக்கும். வழி இரண்டாவது இணைப்புக்கு மாறிவிட்டது, முகவரி மட்டும் முதல் நிறுவனத்தினுடையது. காரைக்குடி வாசகருக்குச் சொன்ன அதே காரணத்தால் அது கைவிடப்படுகிறது. சும்மா விட்டிருந்தால் சில நிமிடங்களில் கேட்வேயிலுள்ள அந்தத் தொடர்பின் பதிவு காலாவதியாகி எல்லாம் சரியாகியிருக்கும். தொலைபேசியின் பிடிவாதம் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

மாற்றும் ஸ்கிரிப்டின் இறுதியில், 'கான்டிராக்' கருவியைக் கொண்டு தொலைபேசிகளின் முகவரிகளுக்குரிய பதிவுகளை அழிக்கும் ஒரு வரியைச் சேருங்கள். முதல் இணைப்பு திரும்பி வரும்போதும் அதே வரி ஓட வேண்டும். மாஸ்கரேட்டுக்கு மாறினால், போர்ட் கீழே விழும்போது பதிவுகள் தாமாக அழியும். ஆனால் போர்ட்டின் விளக்கு எரிந்துகொண்டே அந்தப் பக்கம் மட்டும் அறுந்துபோகும் நிலையில் அதுவும் உதவாது. அந்த நிலையைக் கண்டுபிடிக்க ஸ்கிரிப்ட் எதைப் பிங் செய்கிறது என்பதையும் பாருங்கள். நிறுவனத்தின் முதல் ரூட்டரை மட்டும் பிங் செய்தால், அதற்கு அப்பால் அறுந்தது தெரியாது. வெளியிலுள்ள இரண்டு வெவ்வேறு முகவரிகளை, அந்தந்தப் போர்ட்டின் வழியாகவே போகும்படி கட்டாயப்படுத்திச் சோதித்து, இரண்டும் தொடர்ந்து சில முறை பதில் தராதபோது மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: வீடியோ தளங்கள் மட்டும் மலிவான இணைப்பில் போகுமாறு தளத்தின் பெயரைக் கொண்டு விதி எழுத முடியுமா?
(திருநெல்வேலி வாசகர்)

பதில்: ரூட்டிங்குக்குப் பெயர் தெரியாது, முகவரி மட்டுமே தெரியும். டிஎன்எஸ்மாஸ்க் போன்ற நிரல்கள், குறிப்பிட்ட பெயருக்கு விடையாக வந்த முகவரிகளை ஃபயர்வாலின் பட்டியல் ஒன்றில் உடனுக்குடன் சேர்த்துக்கொடுக்கும்; அந்தப் பட்டியலுக்கு மார்க் வைத்து வழி மாற்றலாம். பிரவுசர் உங்கள் டிஎன்எஸ்ஸைக் கேட்காமல், மறையாக்கம் செய்யப்பட்ட வெளி டிஎன்எஸ்ஸை நேரடியாகக் கேட்டால் பட்டியல் காலியாகவே இருக்கும். ஒரே முகவரியில் பல தளங்கள் குடியிருப்பதால் வேறு தளங்களும் சேர்ந்து இழுபடும். தொலைக்காட்சிப் பெட்டி, கைப்பேசிகள் என்று சாதனங்களைக் கொண்டு பிரிக்க முடியுமானால் அதையே செய்யுங்கள்.

கேள்வி: இரண்டு நிறுவனங்களும் ஐபிவி6 தருகின்றன. ஐபிவி4-க்கு எழுதிய விதிகளையே ஐபிவி6-க்கும் எழுதினேன். சில கணினிகளில் மட்டும் இணையம் நின்றுவிட்டது.
(புதுச்சேரி வாசகர்)

பதில்: ஐபிவி4-இல் வெளியேறும் கதவைக் கேட்வே தேர்ந்தெடுத்து, அதற்கேற்ப முகவரியையும் மாற்றிவிடுகிறது. ஐபிவி6-இல் இரண்டு நிறுவனங்களும் தனித்தனி முன்னொட்டுகளை (முகவரியின் தொடக்கப் பகுதி) தருவதால், ஒவ்வொரு கணினிக்கும் இரண்டு பொது முகவரிகள் கிடைக்கின்றன; எதை இட்டு அனுப்புவது என்பதைக் கணினியே தீர்மானிக்கிறது. முதல் நிறுவனத்தின் முகவரியை இட்டு வந்த பேக்கெட்டை, 'இந்தப் பிரிவு இரண்டாவது இணைப்பு' என்ற உங்கள் விதி இரண்டாவது இணைப்பில் தள்ளுகிறது; அங்கே அது வடிகட்டப்படுகிறது. எந்த முகவரியைக் கணினி தேர்ந்தெடுத்தது என்பதைப் பொறுத்தது என்பதால்தான் சிலவற்றில் மட்டும் நின்றது.

விதியை முன்னொட்டின் அடிப்படையில் எழுதுங்கள்: முதல் நிறுவனத்தின் முன்னொட்டிலிருந்து வருவது முதல் இணைப்பில், இரண்டாவதன் முன்னொட்டிலிருந்து வருவது இரண்டாவதில். எந்தப் பிரிவு எதில் போக வேண்டும் என்பதை, அந்தப் பிரிவின் நெட்வொர்க்கில் எந்த முன்னொட்டை மட்டும் அறிவிப்பது என்பதைக் கொண்டு தீர்மானியுங்கள். இணைப்பு அறுந்தால் அந்த முன்னொட்டை விருப்பக் காலத்தை (புதிய தொடர்புகளுக்கு அதைப் பயன்படுத்தும் காலம்) பூஜ்யமாகக் குறைத்து மீண்டும் அறிவிக்க வேண்டும். அப்போதுதான் கணினிகள் புதிய தொடர்புகளுக்கு மற்றொரு முகவரிக்கு மாறும். இந்த முறையை 2019-இல் வெளியான ஆர்எஃப்சி 8678 விரிவாக விளக்குகிறது. முன்னொட்டை மட்டும் மாற்றி எழுதும் என்பிடிவி6 என்ற முறையும் இருக்கிறது. இரண்டு இணைப்புகளுக்கு மேல் இல்லாத அலுவலகத்துக்கு அது தேவைப்படாது.